அழைப்பு இல்லாத நேரத்தில் கைபேசி எங்கே இருந்தது என்று நெட்வொர்க்குக்குத் தெரியுமா?

தேனி வக்கீல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கீழமை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்தி வரும் இளம் வழக்கறிஞன் நான். தற்போது நான் ஆஜராகும் ஒரு வழக்கில், என் கட்சிக்காரரின் கைபேசி அழைப்பு விவரப் பட்டியலை, அதாவது சிடிஆர் என்று எல்லோரும் சொல்வதை, அரசுத் தரப்பு முக்கியச் சான்றாவணமாகத் தாக்கல் செய்திருக்கிறது. அதில் மாலை 7.10-க்கு ஓர் அழைப்பும் இரவு 9.50-க்கு இன்னோர் அழைப்பும் ஒரே செல் எண்ணில் (கைபேசி எண் அல்ல; கோபுரத்தில் உள்ள ஓர் ஆண்டெனா அலை தரும் பகுதியான 'செல்'லுக்குரிய எண்) பதிவாகியுள்ளன. இடையில் எந்தப் பதிவும் இல்லை. ஆனால் புலன் விசாரணை அதிகாரியோ, அந்த இரண்டு மணி நாற்பது நிமிடமும் அவர் அந்தக் கோபுரத்தின் எல்லையை விட்டு நகரவில்லை என்பதை நெட்வொர்க்கே காட்டுகிறது என்று வாக்குமூலம் அளித்திருக்கிறார்.

மின்னணு ஆவணத்துக்கு வேண்டிய சான்றிதழ், அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டில் அளித்த அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு முதலிய சட்டப் பிரச்சினைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் கேட்க விரும்புவது தொழில்நுட்பம் பற்றியது. கைபேசி சட்டைப்பையில் சும்மா இருக்கும்போது அது எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்கு நொடிக்கு நொடி தெரிந்துகொண்டே இருக்கிறதா? தெரியாது என்றால், ஓர் அழைப்பு வந்தவுடன் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அந்தக் கைபேசியைக் கண்டுபிடித்து எப்படி மணி அடிக்க வைக்கிறது? இதைப் புரிந்துகொண்டால்தான் குறுக்கு விசாரணையில் சரியான கேள்வியைக் கேட்க முடியும் என்பதால், துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

கோபுரத்தடி எழுதியது:

வணக்கம் வக்கீல் சார். கைபேசிச் சேவை நிறுவனங்களில் ரேடியோ நெட்வொர்க் திட்டமிடும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நொடிக்கு நொடி தெரியாது. நெட்வொர்க்கின் வடிவமைப்பே அப்படித் தெரிந்துகொள்ளாமல் இருப்பதன் மேல்தான் நிற்கிறது.

கைபேசிக்கு இரண்டு நிலைகள் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதோ டேட்டா போய்க்கொண்டிருக்கும்போதோ அது இணைப்பு நிலையில் இருக்கும். அப்போது எந்த செல்லில் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு மாற்றிவிடுவதே நெட்வொர்க்தான். மற்ற நேரத்தில் அது ஓய்வு நிலையில் இருக்கும். ஓய்வு நிலையில் கைபேசி சுற்றியுள்ள செல்களின் அலைவலிமையைத் தானே அளந்து, தனக்கு ஏற்ற செல்லைத் தானே தேர்ந்துகொண்டு, அதன் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். ஒரு செல்லை விட்டு இன்னொரு செல்லுக்குத் தாவினாலும் அதை நெட்வொர்க்குக்குத் தெரிவிப்பதில்லை.

அப்படியானால் நெட்வொர்க்குக்கு என்னதான் தெரியும் என்றால், 'லொக்கேஷன் ஏரியா' என்னும் ஒரு பெரிய வட்டாரம் மட்டும் தெரியும். சில பத்து செல்களிலிருந்து நூற்றுக்கணக்கான செல்கள் வரை ஒன்றாகச் சேர்த்து அதற்கு ஓர் எண் கொடுத்திருப்போம். ஒவ்வொரு செல்லும் தான் சேர்ந்துள்ள வட்டாரத்தின் எண்ணை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். கைபேசி, கடைசியாகப் பதிவு செய்த வட்டார எண்ணை சிம் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கும். புதிதாகக் கேட்கும் எண் அதிலிருந்து வேறுபட்டால் மட்டும், 'நான் இப்போது இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டேன்' என்று ஒரு லொக்கேஷன் அப்டேட் அனுப்பும். அந்தத் தகவல் விஎல்ஆர் என்ற உள்ளூர்ப் பதிவேட்டில் ஏறும். சந்தாதாரர் இப்போது எந்த விஎல்ஆரின் ஆளுகையில் இருக்கிறார் என்பது மட்டும் ஹெச்எல்ஆர் என்ற தலைமைப் பதிவேட்டுக்குப் போகும். வெளியூர் போகிறவர் தெருப்பெயர் வரை சொல்லாமல், எந்த ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுப் போவதைப் போன்ற ஏற்பாடு இது. 4ஜியில் இந்த வட்டாரத்தை டிராக்கிங் ஏரியா என்பார்கள், பதிவேடுகளின் பெயரும் எம்எம்இ, ஹெச்எஸ்எஸ் என்று மாறும், அடிப்படை மாறவில்லை.

அழைப்பு வரும்போது முதலில் தலைமைப் பதிவேட்டைக் கேட்டு, எந்த விஎல்ஆர் என்று அறிந்து, அங்கிருந்து அந்த வட்டாரத்தின் செல்கள் வழியாக 'இந்த எண்ணுக்கு உரியவர் இருக்கிறாரா' என்று கூப்பிடுவார்கள். இதற்குப் பேஜிங் என்று பெயர். கைபேசி பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருக்கும். 2ஜியில் சுமார் அரை நொடியிலிருந்து இரண்டு நொடிக்கு ஒரு முறையும், 4ஜியில் அமைப்பைப் பொறுத்து 0.32 நொடியிலிருந்து 2.56 நொடிக்கு ஒரு முறையும் விழித்துத் தன் பெயர் கூப்பிடப்படுகிறதா என்று பார்க்கும். தன் பெயர் கேட்டால், அப்போது தான் இருக்கும் செல்லின் வழியாகப் பதில் அளிக்கும். அந்த நொடியில்தான் எந்த செல் என்பது நெட்வொர்க்குக்குத் தெரிய வருகிறது.

வட்டாரம் மாறாவிட்டாலும், 'இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்று குறித்த இடைவெளியில் ஒரு பதிவு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. 2ஜியில் இந்த இடைவெளியை ஆறு நிமிட அலகில் வைப்போம், அதிகபட்சம் 25.5 மணி நேரம். 4ஜியில் தரநிலை சொல்லும் இயல்பான இடைவெளி 54 நிமிடம், நிறுவனம் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். பழைய 2ஜி கைபேசியை ரேடியோப் பெட்டிக்கு அருகில் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: அழைப்பும் குறுஞ்செய்தியும் இல்லாமலேயே ரேடியோவில் திடீரென்று 'டிட் டிடிட் டிடிட்' என்று இரைச்சல் கேட்டு அடங்கும். பெரும்பாலும் அது இந்தப் பதிவு போகும் ஓசைதான்.

கைபேசியை முறையாக அணைத்தால், அணைவதற்கு முன் 'நான் விலகுகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் அணையும். அதனால் நெட்வொர்க் தேடாமலேயே 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று அறிவித்துவிட முடிகிறது. பேட்டரியைச் சட்டென்று உருவிவிட்டாலோ, அலை எட்டாத அடித்தளத்துக்குள் போய்விட்டாலோ நெட்வொர்க்குக்கு அது தெரியாது. கூப்பிட்டுப் பார்த்துப் பதில் வராத பிறகுதான் 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்பார்கள். அறிவிப்பின் வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறலாம்.

இனி தங்கள் வழக்குக்கு வருகிறேன். சிடிஆரில் அழைப்பு தொடங்கிய செல், முடிந்த செல், குறுஞ்செய்தி போன செல் ஆகியவைதான் இருக்கும். ஓய்வு நிலையில் செல் விட்டு செல் தாவியது எங்குமே பதிவாகாது, ஏனென்றால் அது நெட்வொர்க்குக்கே தெரியாது. அவர் வேறு வட்டாரத்துக்குப் போய்த் திரும்பியிருந்தாலும், பதிவேட்டில் பழைய மதிப்பின் மேல் புதிய மதிப்பு எழுதப்பட்டிருக்குமே தவிர, சிடிஆரில் ஒரு வரியும் வந்திருக்காது. 4ஜியில் 54 நிமிட இடைவெளி என்று வைத்துக்கொண்டாலும், அந்த 160 நிமிடத்தில் அதிகம் போனால் இரண்டு பதிவுகள் போயிருக்கும். அவையும் சிடிஆரில் இடம்பெறுவதில்லை. ஆகவே 7.10-க்கும் 9.50-க்கும் அந்தக் கைபேசி அந்த செல்லில் இருந்தது என்பது உண்மை. இடையில் நகரவில்லை என்று 'நெட்வொர்க்கே காட்டுகிறது' என்பதற்கு அந்தப் பட்டியலில் ஆதாரம் இல்லை.

---

அலையியல் ஆசிரியை எழுதியது:

கோபுரத்தடி அவர்கள் எழுதியது அத்தனையும் சரி. ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நீதிமன்றத்தில் 'இது நெட்வொர்க்கின் குறைபாடு' என்று எதிர்த்தரப்பு ஒதுக்கிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இதில் இரண்டு செலவுகள் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. ஒவ்வொரு செல்லையும் கடக்கும்போது கைபேசி தகவல் சொல்ல வேண்டும் என்று வைத்தால், தேடும் வேலையே இருக்காது. ஆனால் நகரும் கோடிக்கணக்கான கைபேசிகளின் அறிவிப்புகளிலேயே அலைவரிசை நிரம்பிவிடும், பேட்டரியும் வடிந்துவிடும். மாறாக, கைபேசி எதுவுமே சொல்ல வேண்டாம் என்று வைத்தால், ஒவ்வோர் அழைப்புக்கும் நாடு முழுவதும் கூவ வேண்டியிருக்கும். நூறு செல்கள் உள்ள ஒரு வட்டாரத்தில் ஒருவருக்கு ஓர் அழைப்பு வந்தால், அவர் இல்லாத தொண்ணூற்றொன்பது செல்களிலும் அந்தக் கூப்பாடு வீண். வட்டாரத்தைப் பெரிதாக்கினால் கூப்பாடு கூடும், சிறிதாக்கினால் அறிவிப்பு கூடும். நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் இருப்பிட மேலாண்மை என்ற துறையின் மையக் கேள்வி.

அமோட்ஸ் பார்-நோய், இலான் கெஸ்லர், மோஷே சிடி ஆகிய மூவரும் 1990-களின் நடுவில் இதை அழகாக வகுத்தார்கள். குறித்த நேரத்துக்கு ஒரு முறை அறிவிப்பது, குறித்த எண்ணிக்கையில் செல்களைக் கடந்தபின் அறிவிப்பது, கடைசியாக அறிவித்த இடத்திலிருந்து குறித்த தொலைவு விலகியபின் அறிவிப்பது என்ற மூன்று வழிகளை ஒப்பிட்டு, அவர்கள் எடுத்துக்கொண்ட கணித மாதிரிகளில் தொலைவு வழியே சிக்கனமானது என்று காட்டினார்கள். வகுப்பில் இதை நடத்தும்போது நான் பெரிதும் வலியுறுத்துவது அடுத்த கட்டத்தை: தொலைவு வழிக்கு, செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பது கைபேசிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது எளிதல்ல. அதனால்தான் நடைமுறையில் நிலையான வட்டாரமும் நேர இடைவெளியும் சேர்ந்த ஏற்பாடு நிலைத்தது.

நிலையான வட்டாரத்தின் பலவீனம் அதன் எல்லைக்கோட்டில் தெரியும். ஒரு விரைவு ரயில் வட்டார எல்லையைக் கடக்கும்போது, பெட்டிகளில் உறங்குபவர்களின் கைபேசிகள் உட்பட அத்தனையும் சில நொடிகளுக்குள் ஒரே செல்லில் அறிவிப்பு அனுப்ப முயலும். ரயில் பாதை நெடுக எல்லைக்கோட்டை எங்கே போடுவது, ஜன நெரிசல் உள்ள நிலையத்தின் நடுவில் அது விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது திட்டமிடுவோரின் நிரந்தரக் கவலை. எல்லையில் வீடு அமைந்தவருக்கு வேறு தொல்லை: நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அலைவலிமை ஏறி இறங்குவதால் கைபேசி இரு வட்டாரங்களுக்கும் இடையில் ஊசலாடி, மாறி மாறி அறிவிப்பு அனுப்பும். புதிய செல் குறிப்பிட்ட டெசிபல் அளவுக்கு மேலோங்கினால் ஒழிய வட்டாரம் தாண்டாதே என்று ஒரு தடுப்பு அளவை வைத்து இதை மட்டுப்படுத்துவார்கள்.

4ஜியில் இதற்கு நல்ல தீர்வு கண்டார்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாக, அதிகபட்சம் 16 டிராக்கிங் ஏரியாக்கள் கொண்ட ஒரு பட்டியலை நெட்வொர்க் கொடுக்கும். அந்தப் பட்டியலுக்குள் எங்கே திரிந்தாலும் அறிவிக்க வேண்டியதில்லை. ரயிலில் வரும் ஆயிரம் பேருக்கும் ஒரே இடத்தில் எல்லை முடியாதபடி பட்டியல்களை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். தேடும்போதும் எடுத்த எடுப்பில் வட்டாரம் முழுவதும் கூவாமல், கடைசியாகக் கண்ட செல்லில் முதலில் கூப்பிட்டு, பதில் இல்லாவிட்டால் மட்டும் விரித்துக்கொண்டே போகலாம்.

வக்கீல் சார், தாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது: 4ஜியில் ஒருவர் ஓய்வு நிலையில் சுதந்திரமாகத் திரியக்கூடிய பரப்பு, பழைய ஒற்றை வட்டாரத்தைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

---

தேனி வக்கீல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை தெளிவாக இதுவரை யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை. இன்னொரு கேள்வி எழுகிறது. 7.10-க்கு அந்த செல்லில் இருந்தார் என்றால், சம்பவ இடத்துக்கு அருகில் இருந்தார் என்று பொருளா? அரசுத் தரப்பு வரைபடத்தில் கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் சம்பவ இடம் இருப்பதாகக் காட்டுகிறது. அருகில் உள்ள கோபுரத்தைத்தான் கைபேசி பிடிக்கும் என்கிறார்கள்.

---

கோபுரத்தடி எழுதியது:

கைபேசி நல்ல அலை தரும் கோபுரத்தைப் பிடிக்கும். அது அருகில் உள்ளதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலையடிவார ஊர்களில் வேலை பார்த்த எவரும் இதை அறிவார்கள்: கிட்டத்தில் உள்ள கோபுரத்தை ஒரு குன்று மறைத்துக்கொள்ளும், தூரத்தில் மேட்டில் நிற்கும் கோபுரம் பள்ளத்தாக்கைத் தாண்டி நேராகத் தெரியும். நீர்த்தேக்கத்தின் மேலோ கடலின் மேலோ அலை எதிர்பாராத தூரம் போகும். நெரிசல் நேரத்தில் ஒரு செல்லின் சுமையை அடுத்ததற்குத் தள்ளிவிடுவதும் உண்டு.

வட்டமும் தவறு. பெரும்பாலான கோபுரங்களில் சுமார் 120 பாகைக்கு ஒன்றாக மூன்று திசைகளில் ஆண்டெனா இருக்கும். ஒவ்வொன்றும் தனி செல். சிடிஆரில் உள்ள எண், கோபுரத்தை மட்டுமல்ல, எந்தத் திசை என்பதையும் சொல்கிறது. எனவே வரைய வேண்டியது ஓர் ஆப்பு வடிவம்; அதன் ஓரங்களும் கோடு போட்டாற்போல் நிற்பதில்லை. சம்பவ இடம் அந்த ஆப்புக்கு எதிர்த்திசையில் இருந்தால், வட்டம் போட்டவர்கள் தங்களுக்குச் சாதகமாக மூன்று மடங்கு இடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொலைவைப் பற்றி நெட்வொர்க்குக்கு ஒரு குறிப்பு உண்டு. கைபேசியின் துடிப்பு கோபுரத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதற்காக, தூரத்தில் உள்ள கைபேசியைச் சற்று முன்கூட்டியே அனுப்பச் சொல்வார்கள். 2ஜியில் இந்த முன்னோட்ட மதிப்பு 0 முதல் 63 வரை. ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர், மொத்தம் சுமார் 35 கிலோமீட்டர். 4ஜியில் ஒரு படி சுமார் 78 மீட்டர். ஆனால் இது இணைப்பு நிலையில் மட்டும் கிடைப்பது, வழக்கமான சிடிஆரில் வருவதும் இல்லை. கிடைத்தாலும் கோபுரத்திலிருந்து இத்தனை தூரம் என்ற வளைவைத்தான் தரும், புள்ளியைத் தராது.

மீட்டர் கணக்கில் இடம் காண்பது முற்றிலும் வேறு நடைமுறை. அமெரிக்காவில் 911 அவசர அழைப்புக்காக அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 1996-இல் விதி செய்யத் தொடங்கி, பின்னர் கைபேசி வழியாகக் கணித்தால் 67 விழுக்காடு அழைப்புகளுக்கு 50 மீட்டர், நெட்வொர்க் வழியாகக் கணித்தால் 100 மீட்டர் என்று அளவு வைத்தது. நம் நாட்டிலும் 2018 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளில் ஜிபிஎஸ் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அத்தகைய கணிப்பு அந்த நேரத்திலேயே கேட்டால்தான் நடக்கும். கேட்காமல் விட்ட இரவுக்கு, பிறகு அதை உண்டாக்க முடியாது.

---

மறையாக்கம் எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரியென்றாலும், இதைப் படிக்கும் பொதுவாசகர் 'நெட்வொர்க்குக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆகவே கவலையில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். ஒரு வரியைத் தனியாகப் பார்த்தால் மங்கல்தான். ஆயிரம் வரிகள் சேர்ந்தால் ஒருவரின் வாழ்க்கை தெரிகிறது.

அமெரிக்காவின் கார்ப்பென்டர் வழக்கு தங்களுக்குப் பயன்படும், ஐயா. அங்கேயும் இதே வகைப் பதிவுதான்: அழைப்பு தொடங்கிய செல், முடிந்த செல். 127 நாட்களுக்கு 12,898 இருப்பிடப் புள்ளிகளை, தேடுதல் வாரன்ட் இல்லாமல், அதைவிட எளிதாகக் கிடைக்கும் நீதிமன்ற ஆணையைக் கொண்டே காவல்துறை பெற்றிருந்தது. அந்தப் பதிவுகள் எட்டில் ஒரு பங்கு சதுர மைலிலிருந்து நான்கு சதுர மைல் வரையுள்ள ஆப்பு வடிவப் பரப்பைத்தான் காட்டின என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் 2018 ஜூன் 22-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இவற்றைப் பெறப் பொதுவாகத் தேடுதல் வாரன்ட் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைபேசிப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, எந்த மணியில் எந்தக் கோபுரத்தடியில் என்ற நான்கே புள்ளிகள் போதும், 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. ஜெர்மனியின் பசுமைக் கட்சி அரசியலர் மால்டே ஷ்பிட்ஸ், தம் சேவை நிறுவனத்திடமிருந்து தம்முடைய ஆறு மாதப் பதிவுகளைப் போராடிப் பெற்று 2011-இல் வெளியிடச் செய்தபோது, 35,000-க்கும் மேற்பட்ட வரிகளில் அவருடைய ரயில் பயணமும் உறக்கமும் கூடத் தெரிந்தன.

இருப்பிடத்தைக் கேட்கும் வழி காவல்துறைக்கு மட்டும் திறந்திருக்கவும் இல்லை. நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய முறை, எதிரில் கேட்பவர் யார் என்று சரிபார்ப்பதற்காக உருவாக்கப்பட்டதல்ல. சந்தாதாரர் வெளிநாட்டுக்குப் போனாலும் அழைப்பு சேர வேண்டும் என்பதற்காகத் தலைமைப் பதிவேடு பதில் சொல்லும் அதே கேள்விகளை வேறு யாராவது கேட்டும் ஒருவரின் இருப்பிடத்தை அறியலாம் என்று, டோபியாஸ் எங்கெல் 2008-இலும் 2014-இலும் ஜெர்மனியில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாடுகளில் விளக்கிக் காட்டினார். அழைப்பைக் கொண்டு சேர்ப்பதற்கு இன்றியமையாத தகவலும் ஆளைப் பின்தொடர்வதற்கு வேண்டிய தகவலும் ஒன்றே என்பதுதான் இத்துறையின் தீராத சிக்கல்.

---

தேனி வக்கீல் எழுதியது:

கார்ப்பென்டர் தீர்ப்பை முழுதாகப் படித்துவிடுகிறேன், நன்றி. கோபுரத்தடி அவர்களே, சேவை நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரியைச் சாட்சியாக அழைக்க மனு போடலாம் என்று நினைக்கிறேன். அவரிடம் என்னென்ன ஆவணங்களைக் கேட்க வேண்டும்?

---

கோபுரத்தடி எழுதியது:

முதலில் அந்த செல் எண்ணுக்குரிய ஆண்டெனாவின் திசை, உயரம், சாய்வு ஆகியவற்றை, சம்பவ நாளன்று இருந்தபடி கேளுங்கள். இன்றைய விவரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், ஏற்காதீர்கள்; சேவையை மேம்படுத்தும்போது ஆண்டெனாவைத் திருப்புவதும் சாய்ப்பதும் அன்றாட வேலை, செல் எண்களே கூட மாற்றப்படுவதுண்டு. சுற்றியுள்ள மற்ற செல்களின் விவரமும் வேண்டும், அப்போதுதான் சம்பவ இடத்தில் எந்த செல் மேலோங்கியிருக்கும் என்று பேச முடியும்.

அடுத்து, அதே நாளின் டேட்டா பதிவு. கட்சிக்காரரிடம் இருந்தது ஸ்மார்ட்போன் என்றால், அவர் தொடாமலேயே செயலிகள் அடிக்கடி இணைப்பு நிலைக்குப் போய்வந்திருக்கும். நீங்கள் கேட்கும் இடைவெளிக்கு அங்கேதான் விடை இருக்கக்கூடும். அந்த விடை உங்களுக்கு எதிராகவும் அமையலாம் என்பதால், மனுவில் சேர்க்குமுன் கட்சிக்காரரிடம் மனம் விட்டுப் பேசிவிடுங்கள். 2021 டிசம்பரில் உரிம விதிகளைத் திருத்தி குறைந்தது இரண்டு ஆண்டுகள் இவற்றை வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை ஆக்கியிருக்கிறது. சம்பவ நாளிலிருந்து அந்தக் காலம் முடியப்போகிறது என்றால், சாட்சி அழைப்பாணைக்குக் காத்திருக்காமல், பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கும்படி உத்தரவு கேட்டு இந்த வாரமே மனு போட்டுவிடுங்கள்.